சித்தி கண்டுபிடித்த குற்றவாளி

தலைமுடிக்குக் குத்துகிற சாதாரணக் கறுப்பு ஸ்லைடுதான். சித்தியின் அலமாரியில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசி இருபது பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தபடி அப்படி ஒன்று இருக்கும். குற்றவாளி யார் என்று தெரிகிற பக்கங்கள் அவை. அந்த இடம் வந்ததும் சித்தி ஸ்லைடைக் குத்தி, புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஆராக்கும்? எழுதுங்கோ" என்பாள். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் வரும். அடுத்த சனிக்கிழமைதான் விடை. நடுவில் ரகசியமாகப் பிரித்துப் பார்த்தால் ஸ்லைடு இடம் மாறியிருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளித் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆங்கிலத்தில் ஒரு வகைத் துப்பறியும் கதை உண்டல்லவா, அது என்றால் அவளுக்கு உயிர். சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பேக்கரி வைத்திருப்பவளோ தோட்டம் போடுகிற விதவையோ போலீஸுக்கு முன்னால் கொலைகாரனைக் கண்டுபிடிப்பாள். ரத்தம் அதிகம் காட்ட மாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் குற்றவாளி போய்விடுவான், ஊர் மறுபடி டீ குடிக்கும். சனிக்கிழமை மத்தியானம் தெருவிலுள்ள நாலு மாமிகள் சித்தியின் கூடத்தில் கூடுவார்கள். அவள் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து, மலையாளம் கலந்த எங்கள் தமிழில் சொல்வாள். அந்த ஊர்ப் பாதிரியார் எங்கள் வீடுகளில் சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் மாதிரியே கனைப்பார். நான் அப்போது செகரட்டேரியட் பக்கம் ஒரு ஆபீசில் கிளார்க். லீவு நாளானால் நானும் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஐந்தாவதாக ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சமையல் மாமி. திவசம், சீமந்தம், சுமங்கலிப் பிரார்த்தனை எதுவானாலும் எங்கள் தெருவுக்கு அவள் சமையல்தான். சனிக்கிழமைகளில் சித்தி வீட்டில் உட்கார்ந்து மறுநாள் வேலைக்கு வேண்டிய காய் நறுக்குவாள். அவளுக்கு யாரும் காகிதம் கொடுத்ததில்லை. அவள் கேட்டதும் இல்லை. ஆனால் சேனையைச் சீவிக்கொண்டே, தலை நிமிராமல், "அந்தத் தபால்காரனாக்கும்" என்பாள். பல தடவை சரியாக இருக்கும். சித்திக்கு அது பிடிக்காது. "குருட்டாம்போக்கில சொல்றது" என்று முணுமுணுப்பாள்.

எனக்கு இருபத்தேழு வயதில் கரமனையில் ஒரு வரன் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தாயிற்று. ஒன்றை மட்டும் எங்கள் வீட்டார் அவர்களிடம் சொல்லவில்லை. எனக்கு வலிப்பு உண்டு. அப்போதே மூன்று வருஷமாக மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "கல்யாணம் கழிஞ்சு மெல்லப் பறஞ்சாப் போறும்" என்றார் அப்பா. அம்மா அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நடுவில் தாத்தாவின் திவசத்தன்று, சடங்கு முடிவதற்கு முன், கிணற்றடியில் விழுந்தேன். நெற்றியில் ஒரு கீறல். ஒரு வாரம் கழித்து டாக்டர் மாத்திரையை மாற்றினார்.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போயிற்று. கணினியில் அடித்து அச்செடுத்தது. பெண்ணுக்கு வலிப்பு உண்டு, திவசத்தன்று கிணற்றடியில் விழுந்தாள், பிறகு மாத்திரையைக்கூட மாற்றியிருக்கிறார்கள், விசாரித்து முடிவெடுங்கள் என்று நாலே வரி. அவர்கள் விசாரிக்கவில்லை. கடிதாசியை அப்பா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

அதை எழுதியவள் நான். சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. அந்தப் பையனின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. எத்தனையோ தடவை வாட்ஸ்அப்பில் அடித்து அடித்து அழித்தேன். என் பேரில் சொன்னால் வீட்டில் பிரளயம். சொல்லாமல் தாலி கட்டிக்கொள்ள மனசு வரவில்லை. கடைசியில் ஆபீஸ் பிரிண்டரில் ஒரு தாள் எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, பஸ் ஏறுகிற இடத்திலிருந்த பெட்டியில் போட்டேன். நம்ப வேண்டுமே என்றுதான் திவசத்தையும் மாத்திரையையும் சேர்த்தேன். அதன் விலை வேறொருத்தி தலையில் விழும் என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

அம்மா கடிதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அழ ஆரம்பித்தாள். தெருவில் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஆறாம் நாள், சனிக்கிழமை, சித்தி அந்தக் கடிதாசியோடு கூடத்தில் உட்கார்ந்தாள். எப்போதும் வருகிற நாலு மாமிகள், அம்மா, நான். திவசத்தன்று வாசலில் கோலம் கிடையாது. கோலம் இல்லாத வீட்டுக்குள் எங்கள் தெருவில் யாரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ஆகையால் நான் விழுந்ததை வெளியாள் பார்த்திருக்க முடியாது. "பூட்டின ஆமாக்கும் அது" என்றாள் சித்தி. ஆம் என்றால் எங்கள் பேச்சில் வீடு. உள்ளே வந்த வெளி மனிதர் நாலு பேர். வாத்தியாரும் சாப்பிட உட்கார்ந்த இருவரும் முன்கட்டில் இருந்தார்கள். அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் கிணறு தெரியும். அடுக்களையில் இருந்தது சமையல் மாமி. மாமியின் பிள்ளைக்குச் சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் வேலை, அங்கே பிரிண்டர் உண்டு. மாமியின் பெண்ணின் ஜாதகமும் அதே கரமனை வீட்டுக்குப் போயிருந்தது. சித்தி ஒவ்வொரு விரலாக மடக்கினாள்.

வீட்டு மனிதர்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் படித்த புத்தகங்களிலெல்லாம் முதல் சந்தேகம் குடும்பத்தின்மேல்தான் விழும். எங்கள் தெருவில் அது யாருக்கும் தோன்றவே தோன்றாது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். 'நான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மென்று விழுங்கினேன். இன்னொரு விஷயமும் உண்டு, புத்தகத்தில் குற்றம் சாட்டப்படுகிறவர் அதே அறையில் இருப்பார், எதிர்த்துப் பேசுவார். மாமியை அன்று வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவளிடம் யாரும் நேருக்கு நேர் எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் தெருவின் லட்சணம். "அடுத்த மாசம் பார்க்கலாம் மாமி" என்றார்கள். "இந்த வருஷம் சுருக்கமா நாங்களே வச்சுடறோம்" என்றார்கள். மூன்று மாதத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு அவளுக்கு இல்லை என்றாயிற்று. எங்கள் வாசலுக்கு ஒரு காலையில் வந்தாள். அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள். நான்தான் போனேன். "என்மேல என்னவோ சொல்றாளாமே கொழந்தே. நோக்கு வல்லதும் அறியுமோ?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். அந்த வருஷமே வீட்டைக் காலி செய்து, பிள்ளைக்கு வித்துராவில் வேலை கிடைத்தது என்று சொல்லிப் போய்விட்டார்கள். மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சித்தியின் பெயர் தெருவில் ஓங்கியது. காணாமல் போன மோதிரத்துக்குக்கூட அவளிடம் வந்தார்கள். எனக்கு அவள் பேரில் கோபம் வரும். யார் பேரில் வர வேண்டிய கோபம் அது என்று தெரிந்து இன்னும் எரிச்சல் வரும். ஆனாலும் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்தேன். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஜுரம் என்றால் கஞ்சியோடு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை ஏதாவது புத்தகத்துக் கொலையைச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு மாதத்துக்கு முன் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று அவளுக்கும் தெரியும். ஒரு மத்தியானம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது சொல்லிவிட்டேன். அந்தக் கடிதாசியை எழுதினது நான் என்று. அவள் முகம் மாறவே இல்லை.

"அறியும்" என்றாள். "மாத்திரை மாத்தின காரியம் அடுக்களைக்காரிக்கு எப்பிடி அறியும்? அதை வாசிச்ச அன்னிக்கே எனக்குப் பிடி கிட்டியாச்சு."

பின்னே ஏன் மாமியைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்க அம்மா அதைத் தூக்கிண்டு ஆம் ஆமாப் போறா. ஆரையாவது சொன்னாத்தானே அடங்கும்? நீன்னு சொன்னா நீ இந்தத் தெருவில இருப்பியோ? நான்தான் இருப்பேனோ?" மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். "கடைசிப் பக்கத்தில போறவாளைத் தேடி ஆராவது அழறாளோ? ஊருக்கு இல்லாட்டாலும் பரவாயில்லைங்கறவாளைத்தான் அனுப்பறது."

அவளுடைய இருநூறு முந்நூறு புத்தகங்களிலிருந்தும் அவள் கற்றுக்கொண்டது இது. என் பொருட்டுச் செய்தாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளை வெறுக்கவும் முடியவில்லை, காலைத் தொட்டு நன்றி சொல்லவும் முடியவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள். எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அதில் பாதி அவளுக்காக இல்லை.

காரியங்கள் முடிந்ததும் வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். மெஸ்ஸின் பின்கட்டில் மாமி அரிசி களைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைக்காமல் முழுவதும் கேட்டாள். அவள் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக ஐந்து வருஷம் ஆயிற்றாம். விசாரிக்கிறவர்களெல்லாம் வலியசாலையில் போய் விசாரித்துவிட்டு அப்படியே நின்றுபோனார்களாம். மன்னியுங்கள் என்றேன்.

"என்கிட்ட வந்து பறஞ்சா ஆச்சா?" என்றாள். "நான் எழுதலைன்னு எனக்கறியுமே. அறியாதவாகிட்டப் பறை. நானும் வரேன்."

வந்தாள். சென்ற சனிக்கிழமை, சித்தியின் கூடத்தில். நாலு மாமிகளில் மூன்று பேர்தான் மிச்சம். அம்மாவும் வந்தாள், எதற்கென்று தெரியாமல். மாமி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்று, கடிதாசி எழுதியது நான், மாமிக்கு அதில் ஒரு சம்பந்தமும் இல்லை, தெரிந்தும் எட்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சித்திக்கும் தெரியும் என்பதையும் சொன்னேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு மூத்த மாமி, "போனது போட்டும். பழைய காரியம்" என்றாள். இன்னொருத்தி அதற்குத் தலையாட்டினாள். மூன்றாமவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கூச்சத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில் சமையல் மாமியைப் பார்த்தாள். "மாமி, எல்லாருக்குமா ஒரு வாய் காப்பி கலக்கறேளா?"

மாமி அசையவில்லை. "நான் இன்னிக்குக் கேக்க வந்தவளாக்கும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னொரு தரம் பறை கொழந்தே. முதல்லேர்ந்து. மெல்ல."

நான் முதலிலிருந்து சொன்னேன்.