தனபாலன் கிராணியின் மஞ்சள் சீட்டு

காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அன்னம்மா வராத அந்த நாளில், ஆள் எண்ணிப் புத்தகத்தில் பதிந்துகொண்டிருந்த தோட்டத்து ஆபீஸ் கணக்கர் தனபாலன் கிராணி அவள் பேருக்கு நேரே சிவப்புக் கோடு போடவில்லை. மோட்டார் சைக்கிளைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் திருப்பினார். தனியாக இருக்கிற மனுஷி, காய்ச்சலில் வாசற்படியிலேயே சுருண்டு கிடந்தாள். சபாக் டவுன் கிளினிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். புத்தகத்தில் ‘சீக்கு லீவு’ என்று எழுதினார். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம், போன வருஷம், தோட்டத்து வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகப்போகிறது என்று கோலாலம்பூரிலிருந்து நஜ்வா என்ற பெண் வந்தாள். ஆபீஸ் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டு ஒட்டினாள். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு அம்பு. செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குகிற அன்னம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

“அக்கா, வேல முடிஞ்சதும் யாருக்குச் சொல்வீங்க?”

“யாருக்குச் சொல்றது? சாக்கு நெறஞ்சா பாக்கறவனுக்கே தெரியும் லா!”

நஜ்வா சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள். அப்போதுதான் கிராணி தொண்டையைச் செருமினார்.

“பெரட்டுக்கு ஆள் வரலைன்னா, ‘வரல’ன்னு போடறதுக்கு முந்தி வீட்டுக்குப் போன் பண்ணணும். எடுக்கலைன்னா யாராவது போய்ப் பாக்கணும். அதுக்கு ஒரு சீட்டு ஒட்டும்மா.”

“அதெல்லாம் வேலைல சேராது அங்கிள். இப்பவே ஸ்டெப் அதிகம்னு பாஸ் ஏசறாரு. ஒன்னு சேக்கணும்னா ஒன்னு எடுக்கணும்.”

கிராணி எழுந்து சுவரருகே போனார். ஆள்களை வேலை வாங்குகிற மண்டோருக்கும் ஆபீஸுக்கும் நடுவில் இருந்த சீட்டில் விரலை வைத்தார்.

“மண்டோர் கைலதான் போன் இருக்கப் போவுதே, ஆள் கணக்க நேரா ஆபீஸுக்கு அனுப்பட்டும். இத எடுத்துரு.”

“அங்கிள், இது உங்க சீட்டு.”

“தெரியும்மா. எடுத்துட்டு அத ஒட்டு.”

அன்னம்மாவுக்கு அம்பெல்லாம் புரியவில்லை. பிய்த்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் முழித்தது மட்டும் புரிந்தது.

தீபாவளி கழிந்த மாசம் தோட்டத்தில் கிராணி வேலையே இல்லையென்று ஆனது.

அன்னம்மா வெள்ளிக்கிழமை தோறும் மாரியம்மனுக்கு அவர் பேரில் அர்ச்சனை வைக்கிறாள். முட்டி வலித்துப் படுத்த காலையில் போன் அடித்தது; மண்டோர் குமரவேல். “என்னாச்சுக்கா? ஆள் அனுப்பவா?” நல்ல பிள்ளை. ஆனாலும், எடுப்பதற்கு முன் அடிக்கிற அந்த நாலு மணியோசைக்குள் அவள் காது வேறொரு குரலுக்காகத் தவிக்கும். கிராணியின் நம்பர் அவளிடம் இருக்கிறது. என்னவென்று சொல்லி அடிப்பது? ஒரு நாள் உடம்பு நன்றாக இருந்தும் பெரட்டுக்குப் போகாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மன்தான் மன்னிக்க வேண்டும்.

ஜொகூரில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோகக் கிராணி லோரியில் சாமான் ஏற்றிய அன்று, கோயில் விபூதியை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நெற்றியில் பூசிக்கொண்டார். லோரி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டிச் சொன்னார்:

“போனுக்குச் சார்ஜ் போட்டு வை அன்னம்மா. எடுக்கலைன்னாலும் பயப்படாத, ஆள் வந்துரும்.”