அவன் படித்த புத்தகங்களின் சூடு

கரும்புக் கத்தியை அதற்கு முன் நான் புல் வெட்டவும் தேங்காய் உடைக்கவும்தான் எடுத்திருக்கிறேன். ஃபிஜியில், எங்கள் சவுசவு ஊரில் எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒன்று சாய்ந்து நிற்கும். அந்த வாரம் மட்டும் என் கத்தியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். தலைநகரில், இந்தியர் பிரதமராக இருப்பது பிடிக்காத ஃபிஜியத் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து அரசாங்கத்தையே பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் தீவில், மலைப்பக்கத்து இந்தியர் பண்ணைகளில் மாடுகளின் காலை வெட்டிப் போட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரை அவருடைய வேலிக் கம்பியாலேயே கட்டி, மனைவி பார்க்க அடித்தார்கள். லாரியிலிருந்து அவரை இறக்கியபோது மூச்சு விடும் ஒவ்வொரு தடவையும் முனகினார்.

என் கணவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மகளும்தான். நான் பள்ளியில் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். மகள் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே அவளைத் தவிர வேறு ஊழியர் கிடையாது. கொப்பரைக் கிடங்குக்கு எதிரே, கண்ணாடிப் பட்டை ஜன்னல் வைத்த ஒற்றை அறை. பாய்மரப் படகில் வரும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன நாவல்களே பாதி அலமாரி.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஃபிஜியர் கிராமத்திலிருந்து ஒருவன் சனிக்கிழமைதோறும் படகில் வருவான். கொப்பரை காயவைக்கிறவன். மகளுக்கும் அவனுக்கும் பழக்கம் என்று பஸ் நிலையத்தில் யாரோ சொல்ல, சண்டை போடவே நூலகத்துக்குப் போனேன். மகள் ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள். படகு எஞ்சின் பழுது பார்ப்பது பற்றியது. அப்போது இட்ட முட்டை போலச் சூடாக இருந்தது.

"அவரு படிச்சது. அவரு கிட்ட வந்தா சூடாவும். படகு தொறையிலே வந்துட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

பக்கத்துப் புத்தகத்தைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. இன்னொன்று சூடு. ஜன்னலில் வெயில் இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது. அப்போது அவன் நனைந்தபடி உள்ளே வந்து, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்தான். ஃபிஜி இந்தியில்தான் பேசினான்.

"டீச்சர், நான் முழுசா படிக்கிறதில்லேன்னு உங்க பொண்ணு சொல்லுது. நீங்களே பரீட்சை வைங்க."

"ஃபெயிலாயிடுவே," என்றாள் மகள்.

"ஆனா என்ன? அடுத்த சனிக்கிழமையும் வருவேன்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகளுக்கும் எனக்கும் நியூசிலாந்தில் குடியேற விண்ணப்பம் போட்டேன். அவள் வரமாட்டேன் என்றாள். அதற்குள் துப்பாக்கிகள் வந்துவிட்டன.

பண்ணைகளை முடித்த கும்பல் ஒன்று பகலிலேயே ஊருக்குள் வந்தது. கடைகளை உடைத்துவிட்டு நூலகத்துக்கும் போனார்கள். எடுத்துப்போக அங்கே ஒன்றும் இல்லாத கோபத்தில் கண்ணாடிகளை நொறுக்கி, புத்தகங்களை ரோட்டில் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். தடுக்கப் போன காவல்காரரின் பல் உடைந்தது. மகள் பின் கதவு வழியாக, கைக்கு அகப்பட்ட எஞ்சின் புத்தகத்தோடு ஓடி வந்தாள். இரண்டு நாள் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. அது ஜில்லென்றே கிடந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழைக்குள் ஐந்து ஆண்கள் எங்கள் வாசலுக்குள் நுழைந்தார்கள். ஒருவர் தோளில், சாக்குத் துணி சுற்றிய நீளமான கட்டு. எல்லாரும் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி வந்தார்கள். பெரிய காரியமாக ஒரு வீட்டுக்குப் போகும்போது நிமிர்ந்து போகக்கூடாது என்பது ஃபிஜியர் வழக்கம். எனக்குத் தெரியும்; எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்று அவர்கள் பதுங்கி வருவதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கட்டு, துப்பாக்கியாகத் தெரிந்தது. இன்றைக்கும் ஆக்லாந்தில் தபால்காரர் குனிந்து பெட்டியில் கடிதம் போடும்போது என் கை கதவுக்குப் பின்னால் தேடுகிறது.

மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அம்மா, சூடா இருக்கு. தொட்டுப் பாரு. அவரு வந்திருக்காரு."

நான் தொடவில்லை. பயத்தில் உளறுகிறாள் என்று உள் அறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். கத்தியை எடுத்துக் கதவைத் திறந்தேன். முதலில் வந்தவன் படியில் எதையோ வைக்கக் குனிந்திருந்தான். ஓங்கியதும் கையை உயர்த்தினான். கத்தி எலும்பில் பட்டதை என் தோள் வரை உணர்ந்தேன்.

அவன் கத்தவில்லை. "டீச்சர், நான்தான்," என்றான்.

படியில் பாய்ச்சுருள் ஒன்று ரத்தத்தில் நனைந்தது. சாக்குக் கட்டு அவிழ்ந்து, சடங்குகளில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்கள் சிதறின. மற்ற நால்வரும் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவனுடைய சித்தப்பா மட்டும் சொன்னார்: "கத்தியைக் கீழ வை."

தாழ்ப்பாளைத் திறந்ததும் மகள் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். தன் தாவணியைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "தொட்டுப் பாருன்னு சொன்னேன்ல," என்றாள்.

வலக்கையில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியவில்லை.

நான்கு நாள் கழித்துச் சித்தப்பா தனியாக வேலியருகே வந்து நின்றார். "போலீசுக்குப் போகலே. நீ எங்க ஊருக்கு வந்து எங்க மொறைப்படி மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா பசங்களை என்னாலே புடிச்சு வைக்க முடியாது." துணியில் சுற்றிய திமிங்கிலப் பல் ஒன்றை நீட்டினார்; பெண் கேட்பதானாலும் மன்னிப்புக் கேட்பதானாலும் அவர்கள் கொடுப்பது அதைத்தான். "உங்கிட்ட பல்லு இருக்காது. இது உன் பொண்ணைக் கேக்கக் கொண்டாந்தது. இதையே வச்சுக் கேளு."

"இந்த நேரத்திலயா பொண்ணு கேக்க வந்தீங்க?"

"இந்த நேரத்துக்குத்தான். அவ எங்க வீட்டுப் பொண்ணாயிட்டா உன் வீட்டை எவன் தொடுவான்?"

மறுநாள் காலையில் நானும் மகளும் ஒரு லாரியில் வளைகுடாவைச் சுற்றிப் போனோம். அவர்கள் வீட்டு முற்றத்தில் முழந்தாளிட்டு, பல்லை இரண்டு கையாலும் ஏந்தித் தலையைத் தாழ்த்தினேன். அதை வாங்கிக்கொள்ளும்வரை யாரும் என்னை அடிக்கலாம் என்று சித்தப்பா முன்பே சொல்லியிருந்தார். அவனுடைய அம்மா இறங்கி வந்தாள். விறகுக் கட்டையால் என் முதுகில் ஒன்று, தோளில் ஒன்று. மூன்றாவதற்கு ஓங்கியபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. நான் நிமிரவில்லை. சித்தப்பா பல்லை வாங்கிக்கொண்டு சில வார்த்தைகள் சொன்னார். ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக எல்லாரும் மூன்று தடவை கை தட்டினார்கள். அடித்தவளே எனக்குச் சேப்பங்கிழங்கும் மீனும் கொண்டுவந்து வைத்து, "சாப்பிடு, டீச்சர்," என்றாள். அவள் பார்த்திருக்கவே எல்லாவற்றையும் விழுங்கினேன்.

பெண்ணை யாரும் கேட்கவில்லை. கேட்பதற்குக் கொண்டுவந்த பல்லை நான் செலவழித்திருந்தேன்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். மகள் எப்போதோ உள்ளே போயிருந்தாள். கதவருகே நின்று, "வா, லாரி கெளம்புது," என்றேன்.

"நீ போம்மா. இவரு எடக்கையாலே சாப்பிடப் பழகலே. நான்தான் ஊட்டணும்."

"எப்ப வருவே?"

கிண்ணத்தில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது. நான் அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் லாரியில் ஏறினேன்.

விசா இரண்டு பேருக்கும் வந்தது. நாடி விமான நிலையத்தில் தாள்களைப் புரட்டிய பெண், இன்னொருவர் எங்கே என்று கேட்டாள். வரவில்லை என்றேன்.