ஐம்பத்திரண்டு மூச்சு

எங்கள் தீவில், லாஜெஸ் படகுத்துறைக்கு மேலே, பாறை விளிம்பில் ஒரு வெள்ளைக் குடில். அதற்குள் முப்பது வருடமாகத் தொலைநோக்கியும் கையுமாகக் கிடக்கிறான் பிலொமேனு. திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கண்டால் ரேடியோவில் சொல்வான். நான் வேடிக்கை பார்க்க வந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு படகை அங்கே விடுவேன்.

அவனிடம் ஒரு கணக்கு உண்டு. மேலே மிதக்கும்போது எத்தனை மூச்சு விடுகிறதோ, அத்தனை நிமிடம் அது உள்ளே இருக்கும். நம்மைப் போல நெஞ்சில் காற்றை அடைத்துக்கொண்டு முங்குகிற பிராணி இல்லை அது. வேண்டியதை ரத்தத்திலும் சதையிலும் ஏற்றிக்கொள்ளும்; சதையே கறுத்துக் கிடக்கும். ஆழத்தில் விலா ஒடுங்கி நுரையீரல் மடங்கிவிடும், இதயம் சோம்பலாக அடிக்கும், ரத்தம் முக்கியமாக மூளைக்கும் இதயத்துக்கும்தான் போகும். இப்படி மூச்சு ஏற்றுவதை பிலொமேனு ஒன்று விடாமல் எண்ணுவான். அதுவும் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமாக. வேண்டாமென்றால் கேட்கிற ஜென்மமா?

இத்தனைக்கும் அவன் மனைவி எர்மீனியா ஒரு திமிங்கிலத்தையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. படகென்றாலே அவளுக்குக் குமட்டும். குடிலிலிருந்து பார்த்தால் அதன் மூச்சு மட்டும் தூரத்தில் வெள்ளையாகத் தெரியும். "அடுப்புப் புகைய நான் வீட்டுலயே பாக்குறேன்" என்பாள்.

போன ஆகஸ்டில் அவர்கள் கல்யாண நாளன்று எப்படியோ கெஞ்சிச் சம்மதிக்க வைத்துவிட்டான்.

"ஒரே ஒரு தடவை. இன்னிக்குப் பாக்கலைன்னா செத்தாலும் இனிமே ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள். தெம்பு வேண்டுமென்று சேப்பங்கிழங்கும் பன்றித் தொத்திறைச்சியும் வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருந்தாள், மகராசி.

நாங்கள் நெருங்குவதற்குள் ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. "அம்பது... அம்பத்தொண்ணு... அம்பத்திரண்டு... வால் தூக்கிருச்சு!" அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் திமிங்கிலம் உள்ளே போனது. இங்கே தொத்திறைச்சி வெளியே வந்தது.

"ஜெர்வாசியோ அண்ணே, கரைக்கு விடுங்க" என்றாள் கம்பியில் தொங்கியபடி.

நான் ரேடியோவை எடுத்தேன். "டேய், உன் பொண்டாட்டி போகணும்ங்கறா. அது மேல வர எத்தனை நிமிஷம் ஆகும்?"

பதில் வந்தது: "இருபத்தஞ்சு."

"என்னடா உளறுற?"

"இருபத்தஞ்சுன்னா இருபத்தஞ்சு. படகைத் திருப்புன, கல்லால அடிப்பேன்."

கணக்கில் அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இருபத்தஞ்சாம்" என்றேன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சரி, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

இருபது நிமிடத்தில் அவள் முகம் பச்சையாகிவிட்டது. "அப்படி உள்ள என்னதான் பண்ணுது அது?"

"கணவாய் மீன் தின்னுதும்மா."

"அய்யோ, தீனிப் பேச்சை எடுக்காதீங்கண்ணே!"

இருபத்தாறாவது நிமிடம், அவள் குனிந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே கடல் பிளந்தது. புஸ்ஸென்று மீன் நாற்றத்தோடு முகத்தில் சாரல். அடுத்த புஸ் அதற்குப் பக்கத்திலேயே. ஒன்றில்லை, இரண்டு! ஒன்றை ஒன்று மறைத்துக் கிடந்திருக்கிறது. மேலேயிருந்து பார்த்த புத்திசாலி இரண்டின் மூச்சையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். மெய்க்கணக்கு பிசகி, பொய்க்கணக்கு பலித்துவிட்டது.

எர்மீனியா முகத்தைத் துடைக்கவே இல்லை. அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதை மறைப்பானேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்து ரேடியோவைப் பிடுங்கினாள். "யோவ், பாத்துட்டேன்யா!"

"எர்மீனியா... நான் பொய் சொல்லிட்டேன். அம்பத்திரண்டுதான் எண்ணினேன். நீ போயிருவியோன்னு..."

"தெரியும்யா. நீ கத்துனது எனக்கும்தான் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் நின்ன?"

"இத்தனை வருஷத்துல எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்க. அதுக்கு அம்பத்திரண்டு நிமிஷம் வாந்தி எடுக்க மாட்டேனா?"