நிலாவின் கறுப்புத் தரை

என் மாமி மேரிஜோசப்பின் பாய் விரித்த இடத்தில் ஒரு நாளும் கருவாடு பழுதானதில்லை. நான் சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை, அவரோடு கோபமாக இருந்த சனங்களே சொல்லும். ஊர்காவற்றுறைக் கரையில் மற்றவர்கள் உச்சிவெயிலில் வந்து கண்ட இடத்தில் பாயை விரிப்பார்கள். மாமி முதல்நாள் பின்னேரமே போய், சாய்ந்த வெயிலில் குந்தியிருந்து தரையைப் பார்ப்பார். மேடுபள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். நிழல் விழாத சமதரையில்தான் அவருடைய பாய் கிடக்கும்.

அதே கண்ணோடுதான் அவர் நிலாவையும் பார்த்தார். பாய்க்கப்பல் ஓட்டிய தாத்தா ஐம்பத்தேழாம் ஆண்டில் சாகும்போது ஒரு பித்தளைத் தூரக்கண்ணாடியை விட்டுப்போனார். கலியாணம் கட்டாத மாமிக்கு இந்த உலகத்தில் சொந்தமென்று இருந்தது அது ஒன்றுதான். காகம் கலைக்கப் பின்னேரம் முழுக்கக் கரையில் நிற்க வேண்டும். வளர்பிறையில் அரைநிலா அந்நேரமே உச்சிக்கு வந்துவிடும். கண்ணாடியைப் பூவரசங் கவட்டில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நிலாவின் வெள்ளைப் பகுதியையும் கறுப்புத் திட்டுகளையும் பார்ப்பார். காகம் கரைந்தால் ஓடுவார், திரும்பவும் வந்து பார்ப்பார்.

அந்தக் கண்ணாடியில்தான் என் அப்பா வின்சன்ற்றுக்கும் ஒரு கண். மாமியின் ஒரே தம்பி, கடற்தொழில். காற்றில் வலை மிதப்பைத் தேட அது வேண்டும் என்று வருடக்கணக்காக நச்சரித்தார். அறுபத்தெட்டு மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு, மனிதர் நிலாவைச் சுற்றிவருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே சண்டை மூண்டது.

"நிலாவிலை இறங்கினால் வெள்ளையிலைதான் இறங்குவாங்கள்," என்றார் அப்பா. "கறுப்பிலை ஆரும் வள்ளத்தை விடுவினமோ? கடலிலை கறுப்பெண்டால் பாறையும் சாதாளைப் பாசியும். வெள்ளையெண்டால் மணல். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"அது எங்கடை கடலில்லையடா. தண்ணியெண்டால் ஒருக்காலாவது மினுங்கும். பதினொரு வரியமாய்ப் பாக்கிறன், மினுங்கேல்லை. அரைநிலாவிலை வெயில் முடியிற கோடு வெள்ளைக்குள்ளாலை போகேக்கை மரம் அரியிற வாளின்ரை பல்லு மாதிரி. கறுப்புக்குள்ளாலை நூல் பிடிச்ச மாதிரி. அதுதான் சமதரை. புத்தியுள்ளவன் அதிலைதான் இறங்குவான்."

"அப்ப பந்தயம். கறுப்பிலை இறங்கினால் நான் இனிக் கண்ணாடியைக் கேக்கமாட்டன். வெள்ளையிலை இறங்கினால் அது என்ரை வள்ளத்துக்கு."

"ஓம்," என்றார் மாமி. வாய்க்குள் சோறு இருந்தபடியே சொன்ன ஓம். பிறகு மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இறங்கப்போகிற இடத்தைப் பேப்பரில் முன்கூட்டியே போட்டிருந்தார்களாம். எங்கள் வீட்டுக்குப் பேப்பர் கருவாடு சுற்ற வந்ததே தவிர வாசிக்க வந்ததில்லை. அதனால் இரண்டு பேரும் ஏழு மாதம் நெஞ்சிடியோடு இருந்தார்கள்.

அறுபத்தொன்பது ஆடி மாதத் திங்கட்கிழமை விடிந்தபோது தென்மேற்குச் சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, கூட்டுறவுச் சங்கக்கடைப் பரராசசிங்கத்தாரின் றேடியோவுக்கு முன்னால் போய்க் குந்திவிட்டார். மாமிக்கு றேடியோவைக் கேட்கத் துணிவில்லை. கண்ணாடியைத் துடைத்து, மடியில் வைத்தபடி பாயடியில் இருந்தார். பொம்பிளைப்பிள்ளையைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற தாய் மாதிரி இருந்தார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா.

தூரத்தில் அப்பா ஓடிவருவது தெரிந்தது. முகம் தெரியவில்லை. மாமி கண்ணாடியைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி வந்தார் அப்பா.

"சிரிக்கிறான்," என்றார் மாமி. "போச்சுது."

கண்ணாடியை எங்கள் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார். அப்போதுதான் காற்று அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்தது.

"கறுப்பிலை, அக்கா! கறுப்பிலைதான் இறங்கியிருக்கிறாங்கள்! சமதரையாம்! நீ சொன்ன அதே கதையை றேடியோ சொல்லுது!"

தோற்ற மனிதன் அப்படிச் சந்தோசப்பட்டதை நான் பிறகு கண்டதில்லை. மாமி கண்ணாடியை அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். மணலில் இருந்தபடியே அழுதார், சிரித்தார், மாதாவைக் கூப்பிட்டார்.

அன்று பின்னேரம் பூவரசடியில் திருவிழாக் கூட்டம். அரைநிலா தெளிவாக நின்றது. ஒவ்வொருவராகக் கண்ணை வைத்து, "ஓமடி, நூல் பிடிச்ச மாதிரித்தான்!" என்று கத்தினார்கள். பரராசசிங்கத்தார் கடையைப் பூட்டிவிட்டு வந்து இரண்டு தரம் பார்த்தார். கடைசியாக அப்பா பார்த்தார். இத்தனை வருடம் கேட்டு நச்சரித்தவர், அதன் வழியாக நிலாவைப் பார்த்தது அன்றைக்குத்தான். வைத்த கண்ணை எடுக்கவேயில்லை. "விடடா, நான் பாக்க" என்று மாமி கெஞ்ச வேண்டியதாகிவிட்டது.

எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்க, ஊர்க் காகமெல்லாம் பாயில் இறங்கிவிட்டது. ஒரு பாய்க் கருவாடு முழுக்கக் காகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாமியின் பாயில் கருவாடு குறைந்தது அந்த ஒரு நாள்தான்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. கண்ணாடியை அவர் பிறகு கேட்கவேயில்லை. மாமி எண்பத்தோராம் ஆண்டில் சாகும்வரைக்கும், அரைநிலாப் பின்னேரங்களில் அப்பா வள்ளத்தை நேரத்தோடு ஏற்றிவிட்டு, தடியோடு வந்து பாயடியில் நிற்பார்.

"நீ நிலாவைப் பார், அக்கா. காகத்தை நான் கலைக்கிறன்."