சாமி குத்தம் என்றார்கள்

என் தம்பிக்கு முதல் வலிப்பு வந்தபோது அவன் கழுத்தில் ஐயப்ப மாலை இருந்தது. போட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டியோடு சாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றவன் அப்படியே சரிந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். யாரோ இரும்புச் சாவி எங்கே என்று கேட்டார்கள். பூஜைக்கு வந்திருந்த சாமிகள் எல்லாம் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஒருத்தி மட்டும் பின்பக்கத்திலிருந்து ஓடிவந்து, அவன் தலை தரையில் மோதாமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பெண்டாட்டி. அன்று அவள் வீட்டுக்குத் தூரம்.

மாலை போட்ட வீட்டில் தூரமான பெண் இருக்கக் கூடாது, வேறு வீட்டில் போய்த் தங்க வேண்டும் என்பது வழக்கம். இரும்புலியூரில் என் தம்பி குடும்பத்துக்கும் அம்மாவுக்கும் சேர்த்து இருப்பது இரண்டு அறை. ராத்திரி நேரத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? துணி துவைக்கிற இடத்தில் பாயைப் போட்டு ஒண்டிக் கிடந்தாள். அங்கிருந்துதான் ஓடிவந்தாள்.

என் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அந்தத் தெருக் குழுவுக்குக் குருசாமி. தம்பிக்கு மாலை போட்டுவிட்டவரே அவர்தான். இழுப்பு அடங்கி அவன் மயங்கிக் கிடக்கும்போது மாமா விபூதியை அள்ளி அவன் நெற்றியில் அப்பினார். பிறகு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

"சாமி குத்தம்கா. தீட்டு பட்டுகீது. சாமி சும்மா வுடுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா மாமா பேசுற? வலிப்பு வந்ததுக்கு அப்புறம்தானே அவ வந்து தொட்டா? அதுக்கு முன்னாடி தொட்டாளா?" என்று கேட்டேன்.

"நீ கம்பெனில நூலு புடிச்சிகினு கீறவ. உனுக்கு இன்னா தெரியும் இதெல்லாம்? கம்முனு இரு."

நான் ஏற்றுமதித் துணி தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு தையல் கோணலாகப் போனால் எந்த மிஷினில் எப்போது கோணியது என்று தேடிப் பிடிப்பதுதான் என் வேலை. முன்னால் நடந்தது எது, பின்னால் நடந்தது எது என்று பார்க்கத் தெரிந்த எனக்கு ஒன்றும் தெரியாதாம். அந்த வாரமே தம்பி கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக் கோயிலில் வைத்தார்கள். அவளைக் குழந்தையோடு பல்லாவரத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை கழன்ற அன்றைக்கே தம்பி நேராகக் கடைக்குப் போய்க் குடித்தான். மாலை போட்ட நாளிலிருந்து அவன் கையில் இருந்த நடுக்கம் குடித்ததும் நின்றது. சாமி குத்தம் பேசிய அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் மண்டையில் உறைக்கவில்லை.

தம்பி சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தான். ஷிப்ட் முடிந்து சாராயக் கடையில் ஒரு கட்டிங் போடுவது கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ளது, அவனுக்கும் இருந்தது. ஒருநாள் இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து இடுப்பில் விழுந்தது. கம்பெனி இரண்டு நாள் லீவும் ஒரு ஊசியும் கொடுத்துத் தன் கடமையை முடித்துக்கொண்டது. வலி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு எழுதினார். சீட்டு தீர்ந்த பிறகும் எங்கள் ரோட்டு மெடிக்கல்காரன் மாத்திரையை நிறுத்தவில்லை. முகத்தைப் பார்த்ததுமே அட்டையைக் கிழித்து நீட்டுவான். மாத்திரை வலிக்கு என்று தொடங்கி, பிறகு வேலைக்குப் போக, பிறகு எழுந்து பல் தேய்க்க என்று ஆனது. அதற்கு மேல் குடி. குடி மட்டும்தான் எங்கள் கண்ணில் பட்டது. மாலை போட்டால் குடி தானாக நின்றுவிடும் என்று மாமா சொன்னார். எங்கள் பக்கம் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் வருஷத்தில் ஒரு மண்டலம் நிறுத்துகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று நாங்களும் நம்பினோம்.

அடுத்து மறுவாழ்வு இல்லம். அதுவும் மாமா கண்டுபிடித்துக்கொண்டு வந்ததுதான். ஒரு வேன் வந்தது. நான்கு தடியர்கள் இறங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தெருவே வேடிக்கை பார்க்க, கையைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கம்பெனியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் போய்ப் பார்க்கக் கேட்டால் பார்க்க விடவில்லை. "மருந்து மாத்திரைலாம் சும்மா டுபாக்கூர் சிஸ்டர். வைராக்கியம் வேணும். அத நாங்க வர வெப்போம்" என்றான் அங்கே நடத்துகிறவன். வைராக்கியம் எப்படி வரவைத்தார்கள் என்பதைப் பிறகு தம்பி முதுகில் பார்த்தேன்.

அங்கிருந்து போன் வந்தது. "உங்க தம்பி ஓவரா நடிக்கிறான், வந்து இட்டுகினு போங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால், நாக்கைக் கடித்துக்கொண்டு, லுங்கி நனைந்து, சுவரில் பூச்சி ஊருது என்று பிதற்றிக்கொண்டு கிடக்கிறான். நடிக்கிறானாம். நாசமாய்ப் போகிறவர்கள்! ஆட்டோவில் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே மறுபடியும் வலிப்பு வந்தது.

வார்டில் இருந்த டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள். அவள் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப குடிச்சார்?"

"குடிக்கவே இல்ல டாக்டர். அங்க பூட்டி வெச்சிருந்தாங்க."

"அதான். தினமும் குடிக்கிறவங்க பட்டுனு நிறுத்தினா சில பேருக்கு ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரும். உயிரே போகலாம். நிறுத்தறது நல்லதுதான், ஆனா இங்க வந்து மருந்தோட நிறுத்தணும். இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"மாலை போட்டப்போ வந்துச்சு."

அவள் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே தலையாட்டினாள். "மாலை சீசன்ல எங்களுக்கு இப்படி நிறைய பேர் வருவாங்கக்கா."

நான் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிறைய பேர் வருவார்களாம். வருஷா வருஷம் வருவார்களாம். அப்படியென்றால் இது தெரிந்த விஷயம்தானே? பாட்டில் மேலே எச்சரிக்கை அச்சடிக்கத் தெரிந்தவர்களுக்கு, பட்டென்று நிறுத்தாதே, டாக்டரிடம் வா என்று ஒரு வரி சேர்க்கத் தெரியாதா? ஜி.எஸ்.டி. ரோடு சுவர் முழுக்க, குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம் என்று எவன் எவனோ போன் நம்பர் எழுதி வைத்திருக்கிறான். இதை எழுத ஒரு சுவரில் இடம் இல்லையா? இதைத் தெரிந்துகொள்ள என் தம்பி இரண்டு தடவை செத்துப் பிழைக்க வேண்டுமா? ஒன்றும் அறியாத ஒருத்தி தீட்டுப் பட்டவள் என்று பேர் வாங்கிக்கொண்டு பல்லாவரத்தில் கிடக்க வேண்டுமா?

தெளிந்த பிறகு டாக்டரம்மா அவனிடம் தனியாகப் பேசினாள். திட்டவில்லை. அவளிடம்தான் வலி மாத்திரைக் கதையை அவன் கக்கினான். நடுக்கத்துக்கு மாத்திரை, வைட்டமின் ஊசி எல்லாம் கொடுத்துக் குடியை இறக்கினார்கள். பிறகு நகரத்துக்குள் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலி மாத்திரைக்குப் பதிலாக நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை அங்கேதான் கிடைக்கும். நர்ஸ் கண் முன்னாலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கரைகிறவரை பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. வாய் ஓயாத என் தம்பி அங்கே பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் போய் மாத்திரை போட்டுவிட்டு வர வேண்டும். பழைய வேலை போய்விட்டது. பகல் ஷிப்டாக ஒரு குடோனில் வேலை தேடிக்கொண்டான். குடிக்கவில்லை. சோறு தின்றான். கன்னம் கொஞ்சம் உப்பியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில், நடுக்க மாத்திரையின் கடைசிச் சில நாளுக்கான சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ரோட்டு மெடிக்கலுக்கு நான் போனபோது, அந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இந்த மாதிரி மாத்திரைலாம் நாங்க வெக்கிறதில்லமா. போலீஸ் பிரச்சினை ஆவும்" என்றான். என் தம்பியைச் சீட்டே இல்லாமல் கெடுத்தவன், சீட்டோடு போன எனக்குச் சட்டம் பேசுகிறான்! அவன் கடை வாசலில் நின்று நான் கத்திய கத்தலுக்கு டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

கார்த்திகை வந்தது. மாமா வந்தார்.

"போன வருசத்து குத்தம் கழியணும்கா. இவன் இந்த வருசம் மாலை போட்டே ஆவணும். ஆனா அந்த மாத்திரைய வுட்டுரணும். போதைக்கு பதிலா போதை. அத போட்டுகினு சாமி முன்னாடி நிக்க முடியுமா?"

"டாக்டரைக் கேட்டாச்சு மாமா. மாலை போடலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாதுன்னு சொன்னாங்க."

"டாக்டருக்கு மாலைய பத்தி இன்னா தெரியும்?"

அம்மா அவர் பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் தம்பியும் அவர் பக்கம் சாய்ந்தான். அவனுக்குச் சுத்தமாக ஆக வேண்டும் என்று ஆசை. இன்னும் மாத்திரையிலதான் ஓடுறியா என்று யாராவது கேட்டால் அவன் முகம் செத்துவிடும். "ஒரு தடவை நிறுத்திப் பாக்குறேனே அக்கா" என்றான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் நான் போய்ப் பார்க்கும்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, மேலெல்லாம் மயிர்க்கூச்சம், காலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தான். மாமா மாலையோடு எதிரில் இருந்தார். குழுச் சாமிகள் சரணம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் போனால் அவன் கால் தானாக மெடிக்கல் பக்கம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். இத்தனை மாதம் விட்டிருந்தவன் பழைய அளவில் வலி மாத்திரையைப் போட்டால் மூச்சே நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். நான் சொன்னால் எவன் கேட்கிறான்? வெளியே வந்து பல்லாவரத்துக்குப் போன் போட்டேன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வந்து சேர்ந்தபோது பூஜை பாதியில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினாள். யாரையும் கேட்காமல் நேராக உள்ளே போய் அவன் முன்னால் நின்றாள்.

"மாத்திரை போட்டியா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான்.

"கெளம்பு."

மாமா எழுந்தார். "இன்னாமா இது? பூஜை நடக்கற வூட்டுல வந்து..."

"மாலை போட்டுக்கறதும் போட்டுக்காததும் அவரு இஷ்டம் மாமா. நான் ஒண்ணும் சொல்லல. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது? நீங்கதானே? அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தாலிய நீங்க வந்து கழட்டுவீங்களா? இப்பவே சொல்லிடுங்க, இத்தனை பேரு முன்னாடி."

சரணம் நின்றுவிட்டது. அம்மாதான் எழுந்து போய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்துவந்து தம்பி தோளில் போட்டாள். "போடா, ட்ரெயின் பூடும்" என்றாள்.

அவனை அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அவள்தான். மாத்திரை கரைகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். திரும்பி வரும்போது பல்லாவரம் ஸ்டேஷனில் குழந்தையோடு இறங்கிக்கொண்டாள். அவன் மட்டும் தாம்பரம் வந்தான். இப்போதும் அப்படித்தான். அவன் தினமும் போகிறான், மாத்திரை போடுகிறான், வரும் வழியில் பல்லாவரத்தில் இறங்கிக் குழந்தையைப் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடுகிறான். நன்றாக இருக்கிறான். அவள்தான் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள், "அவ எப்பதான்டி வூட்டுக்கு வருவா?"

"என்னை ஏன் கேக்குற? சாமி குத்தம்னு சொன்னான் இல்ல உன் தம்பி, அவனைப் போய்க் கேளு" என்றேன்.