காத்துக்குக் கட்டிய காசு

ஆபீஸ் போனை எடுத்து அவள் "சொல்லுங்க" என்றால் போதும், மறுமுனையில் இருக்கிற டிரைவர் முதலில் ஒரு கொட்டாவி விடுவான். ஆ…வ் என்று நீளமாக. அப்புறம் ஒரு சிரிப்பு. அதற்கும் அப்புறம்தான் வண்டி எங்கே நிற்கிறது, லோடு இறங்கியதா என்ற பேச்சு. அந்த லாரி கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர் கொட்டாவி. வயதில் சின்னவர்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து கொட்டாவி அக்கா என்பார்கள். மரியாதையாம், மண்ணாங்கட்டி!

ஓட்டும்போது தூங்கி வண்டியைக் கவிழ்த்தவள் என்று பட்டம் கட்டி, ஹெவி லைசென்சைப் பிடுங்கிவிட்டார்கள். முதலாளி இரக்கப்பட்டு போன் எடுக்கிற வேலை கொடுத்தார். அவளுக்கு அந்த இரக்கம் வயிற்றில் நெருப்பாக எரிந்தது. ஏனென்றால் தூங்கினது அவள் இல்லை, அவள் புருஷன்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். ஒருவர் ஸ்டீயரிங்கில் இருந்தால் இன்னொருவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் படுத்திருப்பார். அவர்கள் போகிற பாதையில் மலை இறங்கினதும் ஒரு பெரிய பொட்டல் வரும். மரம் கிடையாது, வளைவு கிடையாது, செல்போன் சிக்னல் கிடையாது. சாதாரண ரேடியோ மலையோடு சரி, அதற்கப்புறம் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரிந்துகொண்டே வரும். மத்தியான வெயிலில் அந்த ரோட்டைப் பார்த்தாலே அவனுக்குக் கண் சொருகும். பாட்டுப் போட்டால் இன்னும் மோசம், அவனுக்கு எல்லாப் பாட்டும் தாலாட்டுதான். போனில் பதிந்து வைத்த பேச்சும் உதவாது, முடிந்துபோன சண்டையைக் கேட்க அவன் என்ன பைத்தியமா? இந்த நிமிஷம் எங்கேயோ நடக்கிற மேட்ச், இந்த நிமிஷம் எவனோ எவனையோ வாங்கு வாங்கென்று வாங்குகிற வாக்குவாதம், அது காதில் விழுந்தால்தான் கண் திறந்திருக்கும். அதற்காகத்தான் அவள் வண்டியில் சாட்டிலைட் ரேடியோ மாட்டி, மாதாமாதம் சந்தா கட்டினாள். மேலே வானம் தெரிந்தால் போதும், பொட்டலிலும் அது வாய் ஓயாமல் பேசும்.

"காத்துல வர்றதுக்கு எவனாவது காசு குடுப்பானா? காத்துக்கே காசு கட்டுற ஒரே ஆளு நீதான்டி," என்று அவன் ஒவ்வொரு மாதமும் புலம்புவான். புலம்பிக்கொண்டே கேட்பான்.

ஒரு நாள் ரேடியோ பேசவில்லை. ரிப்பேர் என்றான். அவளும் சரி, பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்த சில நாட்களில், பட்டப்பகலில், அவள் பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஓடைப் பாலத்தில் மோதிப் புரண்டது. ஏற்றி வந்த டைல்ஸ் அத்தனையும் தூள். அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவனுக்கு ஒரு கீறல் கிடையாது.

போலீஸ் வருவதற்குள் அவன் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீ ஓட்டினேன்னு சொல்லிடுடி. என் லைசென்ஸ்ல ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு. இன்னொண்ணு விழுந்தா ஆயுசுக்கும் ஓட்ட முடியாது. உன்னோடது சுத்தமா இருக்கு. கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. நம்ம ரெண்டு பேரும் பொழைக்கணும்ல?"

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாள், வேறென்ன சொல்வது? நிறுத்தி வைக்கவில்லை, ஒரேயடியாக ரத்து செய்தார்கள். தோள் கூடி அவள் கையைத் தூக்க ஆரம்பித்தபோது அவன் துணிப்பையைத் தூக்கிவிட்டான். லோடு இறக்குகிற ஊரில் இன்னொருத்தி இருந்தாளாம். எத்தனை நாளாக என்று கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? புருஷன் ஓடிப்போன ஆத்திரத்தில் உளறுகிறாள் என்றார்கள். லைசென்ஸ் ஆபீஸில் மட்டும் ஒரு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஓட்டினது நீங்க இல்லைன்னு நீங்க சொன்னா போதாதும்மா. ஓட்டினவர் வந்து அவர் வாயால சொல்லணும். சொல்லிட்டா மறுபடி விண்ணப்பம் போடலாம்," என்றார். அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவேண்டும். காலில் விழுந்து கேட்டாவது வாங்குவாளா என்றால், மாட்டாள். அதான் ஏற்கெனவே கேட்டாயிற்றே. ஆஸ்பத்திரியில் கேட்டாள், கம்பெனி வாசலில் கேட்டாள், அந்தப் புதுவீட்டுக் கதவைத் தட்டியும் கேட்டாள். "போடி, வேலையைப் பார்த்துக்கிட்டு" என்று சாத்தினான்.

அவன் அதே கம்பெனியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். ரிப்பேர் பார்த்து வந்த அதே லாரி, பேசாத அதே ரேடியோ. அதனால் வேறு லாரிகள் துணைக்கு வந்தால்தான் பொட்டலுக்குள் இறங்குவான். பொட்டலுக்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு, சிக்னல் அதோடு சரி. உள்ளே போகிற ஒவ்வொரு டிரைவரும் அங்கிருந்து ஆபீசுக்கு ஒரு போன் அடித்துவிட்டுத்தான் போகவேண்டும், வெளியே வந்ததும் இன்னொரு போன். கம்பெனிச் சட்டம் அது. ஆகவே அவனும் அவளிடம் பேசித்தான் ஆகவேண்டும். "உள்ள போறேன்," என்பான். "சரிங்க," என்பாள். வெட்கம் கெட்டவன், சமயத்தில் அவனும் ஒரு கொட்டாவி விடுவான்!

இப்படி இருக்கையில் ரேடியோ கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். தேன் தடவின குரல்.

"மேடம், எங்க சேவையை நிறுத்திட்டீங்க. திரும்பி வந்தீங்கன்னா பாதிச் சந்தாதான். உங்களை ரொம்ப மிஸ் பண்றோம்."

"நான் நிறுத்தலையேம்மா. அது ரிப்பேர்."

"இல்லையே மேடம், உங்க வீட்டுக்காரர் பேசி நிறுத்தச் சொல்லியிருக்கார். கொடுக்கிற காசுக்கு வொர்த் இல்லைன்னு காரணம் சொல்லியிருக்கார்." நிறுத்திய தேதியையும் அந்தப் பெண் சொன்னாள். வண்டி கவிழ்ந்த அதே வாரம்.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. அப்படியா சங்கதி! நாலு காசு மிச்சம் பிடிக்க ரேடியோவை நிறுத்தினான், நிறுத்தினதால் தூங்கினான், தூங்கினதை என் தலையில் கட்டினான். என் தோளும் போச்சு, பிழைப்பும் போச்சு, பேரும் போச்சு. போனை வைக்காமல் மேஜையில் கிடத்திவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இருக்கியாம்மா? சரி, போட்டுவிடு. அதே ரேடியோவுக்கு," என்றாள். சந்தா ரேடியோவுக்குத்தானே, அதைக் கேட்கிறவன் எந்தக் கழுதையாக இருந்தால் என்ன? "நடுவுல தேவைப்பட்டா நிறுத்தி வைக்கலாமா?"

"தாராளமா மேடம். வண்டி ஓடாத நாளுக்கு ஒரு போன் பண்ணுங்க, நிறுத்திடுவோம். வேணும்னா திரும்பப் போட்டுடுவோம்."

அடுத்த வாரமே அவன் கம்பெனி ஷெட்டில் நின்று தம்பட்டம் அடித்தான். "ரேடியோ தானா பேசுதுடா! ரேடியோக்காரன் தப்பா மறுபடி போட்டுவிட்டுட்டான். ஓசி!" டிரைவர்கள் கூடிவிட்டார்கள். கையில் போன் இருக்கும்போது ரேடியோவுக்குக் காசு கட்டுகிறவன் முட்டாள் என்றான் ஒருத்தன். பொட்டலில் உன் போன் செங்கல்லுக்குத்தான் சமம் என்றான் இன்னொருத்தன். விளம்பரம் இல்லாமல் மேட்ச் கேட்கலாம், அதற்கே கொடுக்கலாம் என்றார் வயதில் பெரியவர். "குடுங்க, குடுங்க. நீங்கல்லாம் காசு குடுத்துக் கேளுங்க. நான் சும்மா கேக்குறேன்," என்று அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஜன்னலுக்கு உள்ளே அவள் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற ஜென்மம் அது என்று அவளுக்குத் தெரியாதா? இனி ரேடியோ நின்றாலும் வாயைத் திறந்து யாரிடமும் கேட்கமாட்டான். கேட்டால் இத்தனை நாள் ஓசியில் கேட்டதற்கு பில் வந்துவிடுமே என்று பயப்படுவான்.

நன்றாகக் கேட்கட்டும் என்று விட்டுவைத்தாள். வெள்ளாடு கொழுக்கட்டும். பேச்சு இல்லாமல் பொட்டலுக்குள் போகவே முடியாது என்று அவன் உடம்புக்குப் பழகினபிறகு ஒரு நாள் மத்தியானம் பங்கிலிருந்து போன் வந்தது. "உள்ள போறேன்."

"சரிங்க," என்று வைத்துவிட்டு, அடுத்த போனை ரேடியோ கம்பெனிக்குப் போட்டாள். அவன் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறுவதற்குள் ரேடியோ ஊமையாகிவிட வேண்டும். பொட்டலுக்குள் போனபிறகு நிறுத்த மட்டும் அவள் கை ஓடவில்லை. எதிரே வருகிறவன் என்ன பாவம் செய்தான்? மற்றபடி, நிஜத்தைச் சொன்னால், அவன் ஓடையில் கிடந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள்.

ஆனால் அவன் போகவில்லை. உயிர் வெல்லக்கட்டி ஆயிற்றே! கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"டயர் சூடாயிருக்கு. ஆறட்டும், அப்புறம் போறேன்."

"ஆறட்டுங்க. என்ன அவசரம்?" என்றாள். அப்படி ஒரு இதமான குரல் அவளுக்கு இருப்பது அவளுக்கே புதுசு.

வெயில் தாழ்ந்து, துணைக்கு நாலு லாரி சேர்ந்தபிறகு ஹாரன் சத்தத்தோடு சத்தமாக உள்ளே போனான். லோடு தாமதம். அடுத்த தடவை ரேடியோவை விட்டுவைத்தாள், அதற்கடுத்த தடவை நிறுத்தினாள். எப்போது பேசும், எப்போது பேசாது என்று தெரியாமல் அவன் மண்டை காய்ந்தான். ஆன்டெனாவைத் துடைத்தான், மாற்றினான், அதற்கு எலுமிச்சம்பழம் கட்டாத குறை. ஆபீசுக்கு விதவிதமாகக் காரணம் வந்தது. பேட்டரி இறங்கிவிட்டது. வயிறு சரியில்லை. பெரியம்மா செத்துப்போய்விட்டார்.

"அந்தப் பெரியம்மா போன தடவையே செத்துட்டாங்களேங்க," என்றாள் அவள் பணிவாக.

"இது… இது இன்னொரு பெரியம்மா."

எல்லாவற்றையும் அப்படியே முதலாளியிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கடைசியில் அந்த நாள் வந்தது. ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் ஏற்றிப் போகிறான், சாயங்காலத்துக்குள் சேராவிட்டால் கான்ட்ராக்டே கை நழுவிவிடும். முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ரெண்டு மூன்று டிரைவர்கள் கதவோரம் நின்றார்கள். "உள்ள போறேன்," என்று போன் வந்ததும் அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவது மாதிரி வெளியே போய், பேசவேண்டிய இடத்தில் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வண்டியில கொஞ்சம்…" என்று ஆரம்பித்தான்.

"நான்தான்டா பேசுறேன்," என்றார் முதலாளி. "டயரா, பெரியம்மாவா? கதை விடாதே. இப்பவே கிளம்பு. இல்லைன்னா சாவியை பங்க்ல குடுத்துட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போ. உனக்கு இங்க வேலை இல்லை."

"முதலாளி, போய்ப் பார்த்தேன். கொஞ்ச தூரத்திலேயே திருப்பிக்கிட்டு வந்துட்டேன். சத்தியமா என்னால முடியல. ரேடியோ பேசல. பேச்சு சத்தம் இல்லாம அந்த ரோட்டுல போனா எனக்குக் கண்ணு தானா மூடிக்குது முதலாளி. செத்துடுவேன். அன்னைக்கும் அப்படித்தான்…"

நிறுத்திவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும். கதவோரம் நின்றவன் ஒருவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"அன்னைக்குன்னா என்னைக்கு?" என்றார் முதலாளி.

அவர் நாற்காலியைப் போன் பக்கம் இன்னும் நகர்த்தினார்.

"கவுந்த அன்னைக்கா? அன்னைக்கு ஓட்டினது உன் பொண்டாட்டின்னுதானே சொன்னே?"

அவள் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"நான்தான் முதலாளி," என்றான். "நான்தான் ஓட்டினேன். அவ பின்னாடி படுத்திருந்தா."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் முதலாளி. இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. ஆத்திரத்துல பேசாதேம்மான்னு தண்ணி குடிக்கச் சொன்னீங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இன்னொரு டிரைவரை அனுப்பி வண்டியை எடுக்கச் சொன்னார். நாளைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் ஆபீசுக்குத் தானே வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். கதவோரம் நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு குளிர்ந்தது, அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை.

மறுநாள் காலையில் அவன் வந்து ஆபீஸ் வாசலில் நின்றான். ஷேவ் செய்யாத முகம். ராத்திரி முழுக்க யோசித்திருப்பான் போல, கண் சிவந்திருந்தது.

"ரேடியோ… நீதானா?"

"நானேதான்."

"மாசாமாசம் காசு கட்டியா? என்னைக் கவுக்கவா?"

"உன் வாயிலேர்ந்து ஒரே ஒரு வார்த்தை வாங்க," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனித்தானா தெரியாது.

"இப்ப நான் அங்க வந்து கையெழுத்துப் போட்டா என் லைசென்ஸ் போயிடும்டி. இந்த ஜென்மத்துல திரும்பக் கிடைக்காது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வண்டி ஓட்டுறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதே. உனக்குத் தெரியாதா?"

உள்ளேயிருந்து முதலாளி கார் சாவியோடு வந்துகொண்டிருந்தார். அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள், முறிந்து கூடிய அந்தத் தோளில்.

"எனக்கும்தான் வேற ஒண்ணும் தெரியாது," என்றாள். "அது அன்னைக்கு உனக்குத் தெரியும்ல? ஏறு வண்டியில."