மூன்று துளைகளா, ஒரு வெட்டா

கரும்பலகையில் பாதிக் கணக்கை அப்படியே விட்டு, வலது அடிவயிற்றை அழுத்திக்கொண்டு மேசையோரம் குனிந்து நின்ற கணக்கு டீச்சரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பிரம்மதேசம் பக்கத்துப் பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். திண்டிவனத்தில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவருக்குச் சொந்த ஊர் முகையூர். கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான்தான் ஆட்டோவில் திண்டிவனத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், குடல்வால் வீங்கியிருக்கிறது என்றார். துளை போட்டு எடுக்கும் கருவி அங்கே இல்லை; வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். "இன்னிக்கே எடுத்துடலாம்ங்க. தள்ளிப் போட வேணாம்."

மதியத்துக்குள் டீச்சரின் அம்மா வந்துவிட்டார். கூடவே மாப்பிள்ளையின் அத்தையும் வந்தார். பேச்சை அத்தைதான் நடத்தினார். "கட்டிக்கப்போற பொண்ணு வயித்துல அம்மாம் பெரிய தழும்பா? விழுப்புரத்துல மூணு சின்ன ஓட்டை போட்டு எடுத்துர்றாங்களாம். ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாம்." அதில் பொய் ஒன்றுமில்லை. துளை வழி என்றால் வலி குறைவு, சீக்கிரம் நடமாடலாம் என்று டாக்டரே ஒப்புக்கொண்டார். ஆனால் விழுப்புரத்தில் மறுநாள்தான் இடம் கிடைக்கும். அதுவரை தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் யார் காதிலும் ஏறவில்லை. நான் குறுக்கே பேசினால், "நீ சும்மாரும்மா, இது குடும்ப விஷயம்" என்றார்கள்.

விழுப்புரம் என்றே முடிவானது. மறுநாள் விடிந்ததும் டீச்சரின் வலி சட்டென்று குறைந்தது. ஆண்டவர் கண் திறந்தார் என்று அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். குடல்வால் உடைந்ததால்தான் வலி தணிந்தது என்பது விழுப்புரம் போய்ச் சேர்ந்த பிறகே தெரிந்தது. அதற்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. துளை போட்டுப் பார்த்த டாக்டர்கள், சீழ் பரவியிருப்பதைக் கண்டு வயிற்றைத் திறந்தார்கள். எந்தத் தழும்புக்குப் பயந்தார்களோ, அதைவிட நீளமான தழும்போடு, பல வாரம் படுக்கையில் கிடந்து பிழைத்தார் டீச்சர். கல்யாணம் தள்ளிப்போய், அதே மாப்பிள்ளையோடுதான் நடந்தது. அத்தை மட்டும், அந்தத் துளை ஆபரேஷனே மோசம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் எங்கள் பள்ளி எழுத்தர் மகளுக்கும் குடல்வால் வீக்கம் என்றார்கள். ஆசிரியர் அறையில் பழையபடி துளையா, வெட்டா என்ற வாதம். பொறுக்காமல் வெளியே வந்து கணக்கு டீச்சருக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னார்:

"எது நல்லதுன்னு ஊரையே கேட்டுக்கினு இருந்தாங்க. உனக்கு எப்படி இருக்குன்னு என்னை யாரும் கேக்கலை."

திரும்பி வந்து, பெண் இப்போது எப்படியிருக்கிறாள் என்று எழுத்தரைக் கேட்டேன்.

"வலின்னு படுத்துக்கினு இருக்கா டீச்சர். எங்க ஆபரேஷன் பண்றதுன்னு வீட்ல இன்னும் பேசிக்கினுதான் இருக்காங்க."